ஆறு மணிப் பிரார்த்தனை

பக்கவாதத்தில் பேச்சு போய், மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தாள் அந்த அம்மா. காலை ஆறு மணிக்கு நர்ஸ் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம், அம்மாவின் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கடவுளிடம் வாய்விட்டு வேண்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் பெயரையும் விடமாட்டார். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மெல்ல இளகும்.

அன்று வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அறை வாசலில் நர்ஸ் அவளிடம் மனசு நிறைந்து சொன்னாள்.

“உங்கப்பா மாதிரி பக்தியை நான் பார்த்ததே இல்லைங்க.”

மகள் திருதிருவென்று விழித்தாள். “எங்கப்பாவா? கடவுளே இல்லைன்னு மேடை போட்டுப் பேசினவராச்சே! அம்மா தலைகீழா நின்னும் ஒரு நாள்கூட கும்பிட்டதில்லையே!”

அதற்குள் அவரே வெளியே வந்தார்.

“என்னப்பா, மனசு மாறிட்டீங்களா?” என்றாள் மகள்.

“அதெல்லாம் ஒண்ணும் மாறலைம்மா. கடவுள் இருக்கார்னு எனக்கு இன்னிக்கும் தோணலை.”

“அப்புறம் எதுக்கு சார் தினமும் வேண்டிக்கிறீங்க?” நர்ஸால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

“அது என் வேண்டுதல் இல்லம்மா, அவளோடது. நாப்பது வருஷமா காதுல விழுந்து விழுந்து எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. கும்பிடாம அவளுக்குப் பொழுதே விடியாது. இப்போ அவளுக்குத்தானே பேச்சு வரலை? எனக்கு வருதே!”