தேய்ந்த தாடை

"ஏழு வருஷமா இந்த லேத்துல நிக்கறீங்க. இதைச் சரி பண்ணணும்னு தோணவே இல்லையாண்ணே?"

எல்லார் முன்னாலும்தான் கேட்டார், வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான சூப்பர்வைசர்.

"பழைய சக் தம்பி. தாடை தேஞ்சுபோச்சு. கை வச்சா இன்னும் கெட்டுடும்" என்றார் லேத் ஓட்டும் டர்னர்.

இரும்புத் தண்டைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் அந்தச் சக்கின் மூன்று தாடைகளும் வாய்ப்பக்கம் தேய்ந்து அகன்றிருந்தன. ஒரு முனையைக் கடைந்துவிட்டுத் திருப்பி மாட்டினால் மறு முனை ஒத்துப்போகாது. ஒவ்வொரு தண்டையும் பின்கட்டுக்கு அனுப்பி, கிரைண்டிங் மெஷினில் தேய்த்து நேராக்க வேண்டியிருந்தது.

"நாளைக்கு நானே பார்க்கறேன்."

டர்னர் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுங்க தம்பி. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

'தானும் செய்ய மாட்டான், அடுத்தவனையும் செய்ய விடமாட்டான்' என்று நினைத்துக்கொண்டார் சூப்பர்வைசர்.

மறுநாள் காலை. தாடைகளுக்குள் ஒரு வளையத்தை வைத்து இறுக்கினார். கவ்விய நிலையில் தேய்த்தால்தான் சரியாக வரும். உளி மாட்டும் இடத்தில் ஒரு சின்ன கிரைண்டரைப் பொருத்தி, சக்கை மெதுவாகச் சுற்றவிட்டு, தாடைகளை உள்பக்கமாக மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தார்.

பிறகு ஒரு தண்டை மாட்டி, கோணலை அளக்கும் டயலை வைத்துப் பார்த்தார். பதினைந்து கோடு தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த முள், ஒரு கோட்டுக்குள் அடங்கி நின்றது.

மதியத்துக்குள் நாற்பது தண்டுகள். ஒன்றுகூடக் கோணவில்லை.

முதலாளி சூப்பர்வைசரின் தோளைத் தட்டினார். டர்னர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாளும் என்னை முட்டாளாக்கியிருக்கே. நாளையிலேருந்து நீ டிரில்லிங் மெஷினுக்குப் போ."

டர்னர் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இனி கிரைண்டிங் தேவைப்படாதில்லே?" என்றார் முதலாளி.

"தேவையே இல்லை சார்."

"அப்போ பின்கட்டு அம்மாகிட்ட நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடு. நம்ம பிரஸ் மெஷின்ல விரல் போனவங்களாச்சேன்னு பாவம் பார்த்து வச்சிருந்தேன்."

சூப்பர்வைசர் பின்கட்டுக்குப் போனபோது மெஷின் ஓடவில்லை. வலது கையில் இரண்டே விரல்கள் மிச்சமிருந்த அந்த அம்மா ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சக்கைச் சரி பண்ணிட்டீங்களா தம்பி?"

"எப்படிக்கா தெரியும்?"

"இன்னைக்கு வந்த தண்டுல தேய்க்க ஒண்ணுமே இல்லையே."

அவர் எழுந்து ஏப்ரனைக் கழற்றினார். முடிச்சு அவிழக் கொஞ்ச நேரமாயிற்று. உதவப் போன சூப்பர்வைசரை இடது கையால் தடுத்தார்.

"விரல் போனப்பவே முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார். 'சக் தேஞ்சுபோச்சு, சரி பண்ணவே முடியாது, கிரைண்டிங்குக்கு ஒரு ஆள் வேணும்'னு சொல்லி என்னை இங்க உட்கார வச்சது டர்னர் அண்ணன்தான்."