கடைவாய்ப் பேச்சு

தையல் எந்திரம் நின்றதும் அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. சன்னல் வெயிலில், அளவு பார்க்க நிறுத்திய தலையில்லாத பொம்மையின் காலடியில் உட்கார்ந்து, அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் தையல்காரியின் குழந்தை. இரண்டரை வயதாகியும் இதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். "திரும்பு. ஆடாத." உதடுகள் இறுகி மூடியிருக்கின்றன. இடது கடைவாய் மட்டும் நூலளவு திறந்து மூடுகிறது. பித்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நிற்கிறது. "அண்ணி! புள்ள வாயில குண்டூசி!" தையல்காரி தன் வாயிலிருந்த குண்டூசிகளை எல்லாம் மேசையில் துப்பிவிட்டு ஓடுகிறாள். பிஞ்சுக் கன்னத்தை அழுத்தி, விரலை விட்டுத் துழாவுகிறாள். பல், நாக்கு, எச்சில். "ஒண்ணுமில்ல."

நாத்தனாருக்கு மூச்சு வந்து, கூடவே சிரிப்பும் வருகிறது. "பின்ன என்ன? விடிஞ்சா அடைஞ்சா நீங்க ஊசியக் கவ்விக்கிட்டுத்தான பேசுறீங்க. பேச்சுன்னாலே அப்படித்தான்னு நெனச்சிருக்கு. நல்லா வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லிக் காட்டுங்க, சரியாயிடும்." தையல்காரி மண்டியிடுகிறாள். "அம்மா சொல்லு." நாத்தனாரின் சிரிப்பு பாதியில் அறுந்துபோகிறது. "அண்ணி, வாயத் திறங்க." "திறந்துதான இருக்கேன்," என்கிறாள் தையல்காரி. உதடுகள் இறுகி மூடியிருக்கின்றன. இடது கடைவாய் மட்டும் அசைகிறது. குண்டூசிகள் அத்தனையும் மேசைமேல் வெயிலில் மினுங்குகின்றன. குழந்தை எழுந்து வந்து, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் அழுத்தி, விரலை விட்டு மெல்லத் துழாவுகிறாள்.

"ஒண்ணுமில்ல," என்கிறாள் குழந்தை.