இரண்டாவது ஈடு ஸ்கோன்

"அந்தக் காகிதத்தை முதல்ல பைக்குள்ள வைங்க ஹிலரி. டீ ஆறிடப் போகுது."

டென்ஸில் கிராஃப்டன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஹிலரி நீட்டிய கை அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

"வாங்கிக்கிட்டதா ஒரே ஒரு கையெழுத்து போடுங்க மிஸ்டர் கிராஃப்டன். அப்புறம் எத்தனை கப் வேணும்னாலும் தர்றேன்."

"நாம என்ன கோர்ட்டுலயா உக்காந்திருக்கோம், நோட்டீஸ் கையெழுத்துன்னு? பேசித் தீத்துக்கலாம். நான் வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

அவர் வாக்கின் லட்சணம் பெக்ஸ்ஹில் கடற்கரைத் தெரு முழுக்கத் தெரியும். மாடி வீடு நீண்ட காலக் குத்தகையில் ஹிலரியுடையது. கட்டடமும் அடிமனையும் கிராஃப்டனுடையவை. குத்தகையில் மீதி இன்றைக்குச் சரியாக எண்பது வருடம். இன்று நோட்டீஸ் கொடுத்து நீட்டிக்கக் கேட்டால் அவளால் கட்டக்கூடிய விலை. நாளை எண்பதுக்கு ஒரு நாள் குறைந்துவிடும். அப்புறம் சட்டப்படி, நீட்டிப்பதால் வீட்டுக்கு ஏறுகிற மதிப்பில் பாதியை இந்த மனிதருக்கு அழ வேண்டும். அதற்கு அவளிடம் வழியில்லை. நீட்டிக்காத வீட்டுக்கு வங்கி கடனைப் புதுப்பிக்காது. வீடு போய்விடும்.

"சாயங்காலம் அஞ்சுக்குள்ள நோட்டீஸ் அவர் கைக்குப் போகணும். தாண்டினா மறுநாள் கணக்கு" என்று வக்கீல் சொல்லியிருந்தார். கீழ் வீட்டு ஹாலிஸ் இப்படித்தான் நோட்டீஸை கிராஃப்டன் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வந்தார். "வரவே இல்லையே" என்று சத்தியம் செய்துவிட்டார் கிராஃப்டன். ஹாலிஸ் வீட்டை இழந்து இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார். ஹிலரி அனுப்பிய பதிவுத் தபால் இரண்டும் திரும்பி வந்தன. முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்தவளுக்கே இந்தக் கதி! வேறு வழியில்லாமல்தான் ஆளையே டீக்கு அழைத்திருந்தாள்.

ஆள் உற்சாகமாக வந்துவிட்டார். ஐந்து மணி வரை அவளை உட்காரவைத்துப் பேசினால் போதுமே!

"ஸ்கோன் பன்னு மேல முதல்ல கிரீமா, ஜாமா? எங்கப்பா டெவன்காரர், முதல்ல கிரீம்தான். அம்மா கார்ன்வால், அங்க ஜாம்தான் முதல்ல. இதுக்காகவே ரெண்டு பேரும் நாலு நாள் பேசாம இருந்திருக்காங்க, தெரியுமா?"

அந்த நாலு நாள் கதையே இருபது நிமிடம் ஓடியது. ஹிலரி ஜன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு இருபது ஆச்சு. தயவு பண்ணுங்க மிஸ்டர் கிராஃப்டன்..."

"என்ன அவசரம்? தட்டு காலி ஆயிடுச்சு பாருங்க. சூடா இன்னொரு ஈடு போடுங்களேன். சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

மாவு பிசைந்து, வேகவைத்து... அரை மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி சாசர் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணை மூடி ஏதோ பாட்டை முனகினார்.

அவள் சமையலறைக்குப் போய் மாவை எடுத்தாள்.

நாலு ஐம்பதுக்கு வாசல் மணி அடித்தது.

"கொஞ்சம் பாருங்களேன், எனக்குக் கையெல்லாம் மாவு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "யாருக்காவது பார்சலா இருக்கும். வாங்கிக் கீழ வாசல் மேஜையில போட்டுடுங்க."

பகலில் வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான். தெருவில் பாதிப் பேருடைய பார்சல் அவள் வாசல் மேஜையில்தான் கிடக்கும்.

கிராஃப்டனுக்கு இரண்டு நிமிடம் லாபம். சந்தோஷமாக எழுந்து படியிறங்கிப் போனார். மஞ்சள் சட்டை போட்ட பெண் மூச்சு வாங்க நின்றாள். அவள் நீட்டிய கருவியில் விரலால் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். உறையை வாங்கி மற்ற பார்சல்களோடு எறிந்தார். மழையைப் பற்றியும் அவளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு மெதுவாக ஏறி வந்தார்.

"ஊர் தபாலையெல்லாம் வாங்கி வைக்கிறீங்க. நல்ல மனசு உங்களுக்கு" என்றார்.

ஹிலரி தட்டை அடுப்பில் தள்ளிவிட்டு முதுகைக் காட்டியபடி நின்றாள். அதற்குப் பிறகு அவள் கையெழுத்துப் பற்றிப் பேசவேயில்லை. மனது விட்டுப்போச்சு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கிராஃப்டன்.

ஐந்து அடித்தது.

கிராஃப்டன் எழுந்து கோட்டை மாட்டினார். குரலில் இருந்த தேன் வடிந்துவிட்டது.

"இப்ப குடுங்க அந்த நோட்டீஸை. எத்தனை கையெழுத்து வேணுமோ போடறேன். நாளைத் தேதி போட்டு!"

"வேண்டாம், ஒண்ணு போதும்" என்றாள் ஹிலரி, குழாயில் கையைக் கழுவிக்கொண்டே. "வக்கீல் ஆபீஸ்ல இருந்து அந்தப் பொண்ணு நாலுக்கே வர வேண்டியது. பஸ்ஸைத் தவறவிட்டு என் உயிரை எடுத்துட்டா!"

"எந்தப் பொண்ணு?"

"மஞ்சள் சட்டைக்காரி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கீழ போய்ப் பாருங்க மிஸ்டர் கிராஃப்டன். பத்து நிமிஷம் முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கின அந்த உறை மேல இருக்கிறது உங்க பேர்தான்."