அஞ்சு ஸ்டார் வாடகைக்காரர்

"முதல்ல சூட்கேஸை ஓரமா வை. சக்கரத்துல இடிக்குது பாரு" என்றார் பெரியவர். கேரவன் வண்டியின் மேல் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

ஹௌகே பதறிப்போய் சூட்கேஸை இழுத்துக்கொண்டான். "வணக்கம் சார். ரோல்ஃப் சார்தானே? ஆன்லைன்ல புக் பண்ணியிருந்தோமே. கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டோம்..."

"சீக்கிரம் வர்றது நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"கீல், சார். வடக்கே, கடலோரம்."

"அதானே பாத்தேன்."

என்ன பார்த்தார் என்று கேட்கும் துணிச்சல் ஹௌகேவுக்கு இல்லை. வீட்டில் சும்மா நிற்கும் கேரவனை ஆளுக்காள் வாடகைக்கு விடும் அந்த இணையதளத்தில், வண்டி எடுப்பவனுக்கும் ஸ்டார் போடுவார்கள். ஹௌகே முதல் தடவை ஒருவருடைய வண்டியின் கூரை சன்னலை ஆப்பிள் மரத்திலேயே விட்டுவிட்டு வந்தான். அடுத்த தடவை, கழிவறைத் தொட்டியைக் காலி செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

அதோடு கீலில் மட்டுமல்ல, பாதி ஜெர்மனியில் அவனுக்கு வண்டி தர ஆளில்லை. தெற்குக் கோடியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ரோல்ஃப் என்ற இந்தப் புண்ணியவான் ஒருவர்தான் சரி என்றிருந்தார். இவரும் கைவிரித்துவிட்டால் விடுமுறை முழுக்க மாமனார் வீடுதான். மாமனார் அக்கார்டியன் வாசிப்பார்.

"அவரு என்ன சொன்னாலும் தலையாட்டு" என்று மனைவி வீப்கே அவன் காதில் கிசுகிசுத்தாள். "எங்கப்பா புதுசா நாலு பாட்டு கத்து வெச்சிருக்காராம்."

பெரியவர் வண்டியைச் சுற்றி நடந்தபடி வகுப்பெடுக்க ஆரம்பித்தார். ஹௌகே பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனான்.

"கேஸ் சிலிண்டரை மூடிட்டோமான்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும். பின்னால எடுக்கறப்போ வேலியைப் பாரு. போன மாசம் ஒருத்தன் ரோஜாச் செடி மேலயே ஏத்திட்டான், கண்ணு தெரியாதவன். அப்புறம் அந்தக் கழிவறைத் தொட்டி..."

ஹௌகேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதைக் காலி பண்ணாம கொண்டாந்து நிறுத்தினா, நாத்தம் என் சமையல்கட்டு வரைக்கும் வருது. புரியுதா?"

"சத்தியமா காலி பண்ணிடுவேன் சார்!"

"எல்லாப் பயலும் இப்படித்தான் சொல்றான்." பெரியவர் பெருமூச்சு விட்டார். "சுத்தம்னா என்னன்னு உங்க ஊர்ல தெரியுமா? இந்தச் சந்துல வாரம் ஒரு வீடுன்னு முறை வெச்சு நடைபாதையைப் பெருக்குவோம். எங்க அப்பா காலத்துலேருந்து ஒரு வாரம் தவறினதில்ல."

"எங்க ஊர்ல காத்தே பெருக்கிடும் சார்."

பெரியவர் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கையை விட்டு ஒரு துடைப்பத்தை எடுத்து நீட்டினார். "நடைபாதையைப் பெருக்கத் தெரியாதவன் வண்டியை எப்படிச் சுத்தமா வெச்சுக்குவான்? எங்க, பெருக்கு பாப்போம்."

இது பரீட்சை என்று ஹௌகேவுக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தெருப்புழுதி பறக்கப் பெருக்கினான். கல் இடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்க வீப்கேவுக்கு ஒரு பழைய சமையல் கத்தி கிடைத்தது.

"வாடகை நாம அவருக்குக் குடுக்கறோமா, கூலி அவரு நமக்குக் குடுக்கறாரா?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"அக்கார்டியன்" என்றான் ஹௌகே.

அவள் மறுபேச்சில்லாமல் அடுத்த புல்லைப் பிடுங்கினாள்.

பெரியவர் காபியை உறிஞ்சியபடி மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தார். "அந்த மூலையில ஒரு இலை கிடக்கு."

"அது இப்பத்தான் விழுந்துச்சு சார்."

"இலைக்குச் சாக்கு சொல்றவன் நாளைக்கு வண்டிக்கும் சாக்கு சொல்லுவான்."

ஹௌகே ஓடிப்போய் அந்த இலையைக் கையாலேயே பொறுக்கினான். நடைபாதை பளிச்சென்று ஆகிவிட்டது. அவன் முதுகுதான் நிமிர மறுத்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் மெதுவாக. "இப்போதைக்கு எனக்கு எத்தனை ஸ்டார் தருவீங்க?"

பெரியவர் நடைபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அஞ்சு. தாராளமா அஞ்சு தரலாம். வடக்கத்திக்காரன் இப்படிப் பெருக்கி நான் பாத்ததே இல்ல."

ஹௌகேவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீப்கேவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மாமனார் வீட்டுக்குப் போக வேண்டாம்.

"அப்போ... சாவி, சார்?"

அப்போதுதான் கேரவன் நின்றிருந்த வீட்டின் கதவு திறந்தது. தலை கலைந்த ஒருவர், இரவு உடையிலேயே கொட்டாவி விட்டபடி சாவிக்கொத்தோடு வெளியே வந்தார்.

"ஹௌகேதானே? நான்தான் ரோல்ஃப். அடடா, வந்து ரொம்ப நேரமாச்சா? பெல் அடிச்சிருக்கலாமே!"

ஹௌகே சாவியைப் பார்த்தான், கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான். "அப்போ நீங்க யாரு சார்?"

பெரியவர் காபியின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, துடைப்பத்தை வாங்கி வேலிக்கு அந்தப் பக்கம் சாத்தினார்.

"பக்கத்து வீடு, தம்பி. இந்த வாரம் பெருக்கற முறை என்னுது."