தலைக்குத் தண்ணீர்

அந்தக் குரல் செய்தியை அவள் இரண்டாம் முறை கேட்டாள்.

"அக்கா, அத்தான் தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டாம்."

எந்த அத்தான் என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆவுடையப்பனை அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிப் பல வருஷமாகிறது. அவளுக்கும் அவனுக்கும் விவாகரத்தான பிறகு 'அந்த ஆளு' என்றுதான் பேச்சு. செத்ததும் தங்கையின் வாயில் மறுபடி அத்தானாகிவிட்டான்.

செய்தியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"நீ ஒண்ணும் அலட்டிக்கிடாத. போன இடத்த நல்லாப் பாத்துட்டு நிதானமா வா. நமக்குத் தீட்டெல்லாம் கிடையாதுன்னு அம்மா சொல்லிட்டா. நீ தலைக்கு ஊத்தக்கூட வேண்டாமாம்."

போனைப் பைக்குள் போட்டாள்.

வேனைவிட்டு எல்லோரும் இறங்கியிருந்தார்கள். பாலித் தீவின் வடக்கு மலை. வழிகாட்டி கோமாங் ஆளுக்கொரு மூங்கில் கம்பு கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒன்று வந்தது. வாங்கிக்கொண்டாள்.

நடந்தாள்.

வழியோரம் பாயில் கிராம்பு காய்ந்துகொண்டிருந்தது. கோமாங் ஒன்றை எடுத்து, கடித்துப் பாருங்கள் என்று நீட்டினான். கடித்தாள். நாக்கு மரத்துப்போனது. செய்தி கேட்டதற்குப் பிறகு உடம்பில் நடந்தது அது ஒன்றுதான்.

ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். அழுகை. இல்லாவிட்டால் கோபம். ஒரு நிம்மதியாவது.

வந்தது மோர்க்குழம்பு. அவன் அதைச் சோற்றின்மேல் ஊற்றவிடமாட்டான். தட்டின் ஓரத்தில் குளம்போல் விடவேண்டும்.

பிறகு ஒரு புருவத் தழும்பு. இடதா, வலதா?

யோசித்துக்கொண்டே படி இறங்கினாள். பாசி பிடித்த படிகள். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

திருநெல்வேலியில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும். அவன் பிறகு கட்டிக்கொண்டவள். இந்நேரம் அவளைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருக்கும். யாராவது தோளைப் பிடித்திருப்பார்கள். யாராவது காப்பி குடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

"பாத்துங்கம்மிணி. வழுக்குது."

பின்னாலிருந்து துளசிமணியம்மாள். திருப்பூர்க்காரர். கணவரோடு வந்திருந்தார். காலையில் வேனில்தான் பழக்கம். அதற்குள் ஒரு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்திருந்தார்.

"சரிம்மா" என்றாள்.

தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கு ஆச்சரியமாயிருந்தது. பிறகு ஆச்சரியமும் போய்விட்டது.

பள்ளத்தாக்கு திறந்தது.

அருவி.

எல்லோரும் கத்தினார்கள். துளசிமணியம்மாளின் கணவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினார். ஒரு பிரெஞ்சு ஜோடி சட்டையைக் கழற்றிவிட்டு ஓடியது.

"நம்ம குத்தாலமாட்டவே இருக்குதுங்கொ!" என்றார் துளசிமணியம்மாள்.

அப்படி இல்லை. குற்றாலத்தில் எண்ணெய் வாடை இருக்கும். வரிசை இருக்கும். இங்கே யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை.

அவள் மூங்கில் கம்பைக் கீழே வைத்தாள். பையை அதன்மேல் வைத்தாள். ஷூவைக் கழற்றினாள்.

குளிக்கப் போவதில்லை என்று புறப்படும்போதே கோமாங்கிடம் சொல்லியிருந்தாள். மாற்றுத்துணிகூட எடுத்து வரவில்லை. அவன் பின்னாலிருந்து ஏதோ கேட்டான். நீரின் சத்தத்தில் விளங்கவில்லை.

சுடிதாரோடு இறங்கினாள். கற்களைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். நீர் விழும் இடத்துக்குப் போய்த் தலையைக் கொடுத்தாள்.

அடித்தது.

உச்சியில், பிடரியில், தோளில். கண்ணைத் திறக்க முடியவில்லை. குளிர்கிறதா என்று தெரியவில்லை.

எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதும் தெரியவில்லை. வீட்டில் என்றால் அம்மா வாளியோடு நிற்பாள். போதும் என்பாள்.

கோமாங்தான் வந்தான். முழங்கையைப் பற்றி, அவசரப்படாமல், கரைக்குக் கூட்டி வந்தான்.

பாறைமேல் உட்கார்ந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. அதை யாருக்கோ நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மிணி, இப்படியா நனையறது? சளி புடிச்சுக்காதா?"

துளசிமணியம்மாள் தன் துண்டை அவள் தலையில் போட்டு அழுத்தித் துவட்டத் தொடங்கினார். பெற்ற பிள்ளைக்குத் துவட்டுவது போலத்தான். தலை முன்னும் பின்னும் ஆடியது. அவள் ஆடவிட்டாள்.

"தனியாவா வந்தீங்க? ஊட்டுக்காரரு வரலீங்களா?"

எங்கே போனாலும் யாராவது கேட்பதுதான். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். பிரிஞ்சிட்டோம் என்று சொல்லி லேசாகச் சிரிப்பாள். கேட்டவர்கள் பேச்சை மாற்றுவார்கள். பல வருஷமாக அது பிசகியதில்லை.

வாயைத் திறந்தாள்.

"அவிய தவறிட்டாவ."

துண்டு நின்றது.

"அடக் கடவுளே. எப்பங்க அம்மிணி?"

"இன்னைக்கு விடியக்காலம்."

துளசிமணியம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். ஈரத் துணியைப் பார்த்தார். அருவியைப் பார்த்தார்.

அருகில் வந்து உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, இன்னும் படமெடுத்துக்கொண்டிருந்த கணவரைத் தணிந்த குரலில் அழைத்தார்.

"ஏனுங்க. அந்தப் போனை உள்ள வையுங்க."