ஜோசியக் கம்பளிப்பூச்சி

"ஹோபர்ட், உன் பூச்சி மேல பட்டைத்தூள் வாசனை வருதே?"

நடுவர் க்ளைட் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

அக்டோபர் வந்தால் எங்கள் மலையூரில் கம்பளிப்பூச்சிப் பந்தயம். நூலில் ஏறி உச்சியை முதலில் தொடும் பூச்சிதான் அந்த வருஷத்து ஜோசியர். கறுப்பு ஜெயித்தால் கடுங்குளிர். பழுப்பு ஜெயித்தால் குளிர் லேசாகப் போய்விடும். டி.வி.யில் சொல்லும் வானிலையை யார் நம்புகிறார்கள்?

இந்த வருஷம் வெல்டா எல்லோரிடமும் அறிவித்துவிட்டாள்.

"கறுப்பு ஜெயிச்சா வீட்டை வித்துட்டு ஃப்ளோரிடாவுல தங்கச்சிகிட்ட போயிடுவேன். இன்னொரு கடுங்குளிரை ஒண்டியாத் தாங்க என்னால ஆகாது."

அன்றிலிருந்து பக்கத்து வீட்டு ஹோபர்ட்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவனும் ஒண்டிக்கட்டைதான்.

இன்று முதலில் உச்சியைத் தொட்டது அவனுடைய பழுப்புப் பூச்சி. க்ளைட் அதை 'ஃபூ' என்று ஊதினார். தூள் பறந்தது. தும்மி முடித்துப் பார்த்தால் பூச்சி கன்னங்கரேல்.

"என்னய்யா இது?"

ஹோபர்ட் தொப்பியைப் பிசைந்தான். "அது... அதுக்குக் குளிருமேன்னு..."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாவம், அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அப்போ ஜெயிச்சது கறுப்பு," என்றார் க்ளைட். "வெல்டாக்கா, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

வெல்டா பாய்ந்து வந்தாள்.

"அதெப்படி? ஊரை ஏமாத்தின பூச்சி செல்லுமா? வெக்கமா இல்லை உனக்கு, ஹோபர்ட்? க்ளைட், அவனைப் பந்தயத்துலேர்ந்து தள்ளு. ரெண்டாவது வந்தது என் பூச்சி. அசல் பழுப்பு. அதுதான் கணக்கு."

ஹோபர்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

க்ளைட் அவளுடைய பூச்சியையும் உள்ளங்கையில் எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஊது ஊதினார். மறுபடி தூள் பறந்தது; கையில் இன்னொரு கறுப்புப் பூச்சி நெளிந்தது.

"வெல்டாக்கா, இது கோக்கோத் தூள்."

வெல்டா இடுப்பில் கை வைத்து ஹோபர்ட்டையே முறைத்தாள்.

"பின்ன என்ன பண்றதாம்? போகாதேன்னு இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. பூச்சியாவது சொல்லட்டுமேன்னுதான்."