எந்த வயர்?

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசைமேல் இருக்கும் இரண்டு பவர் சப்ளைகளையும் அவன் மாறி மாறித் தூக்கிப் பார்க்கிறான். சின்னது எண்ணூற்றைம்பது வாட், பெரியது ஆயிரத்து இருநூறு. தலைக்குமேல் டியூப்லைட் விட்டு விட்டுத் துடிக்கிறது; அவன் காலும் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் ஆன்லைன் கேம் போட்டி. இரண்டு கிராபிக்ஸ் கார்டு பூட்டிய அவன் கம்ப்யூட்டரோ, ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்துப் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. "கார்டை ஓவர்கிளாக் பண்ணி வேகத்தைக் கூட்டியிருக்கீங்களா?" என்று கேட்கிறாள் கடைக்காரி. "லேசாத்தான்," என்கிறான். "லேசாவா? அந்தச் சூட்டுல துணியே காயப்போடலாம்," என்று பக்கத்தில் நிற்கும் மனைவி சிரிக்கிறாள். கடைக்காரி பெரியதை அவன் பக்கம் நகர்த்துகிறாள். "அப்போ இதுதான் தாங்கும். இதோட வர்ற வயரையே போடுங்க. பழைய சப்ளையோட வயரும் இதுல கச்சிதமா உட்காரும். ஆனா உள்ளே கம்பி வரிசை வேற; ஆன் பண்ணினா கார்டே புகைஞ்சிடும்." ஆடிக்கொண்டிருந்த கால் நிற்கிறது. மனைவியின் சிரிப்பும் நிற்கிறது. "போன மாசம் என் கம்ப்யூட்டருக்குப் புது சப்ளை மாட்டினீங்களே, அப்புறம் கரண்ட் ஏறி இறங்கினதுல கம்ப்யூட்டரே எரிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே, அந்த சப்ளைக்கு எந்த வயரைப் போட்டீங்க?" என்று அவன் பக்கம் திரும்புகிறாள். அவன் பெரிய சப்ளையை முகத்தருகே கொண்டுபோய், ஏற்கெனவே படித்து முடித்த லேபிளை முதல் எழுத்திலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்குகிறான்.